குருத்தெலும்பு வந்தது, கிட்னி எங்கே?

கேள்வி: விண்வெளியில் புவியீர்ப்பே இல்லாத இடத்தில் இதயம், கிட்னி எல்லாம் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்களாமே? இன்னும் பத்து வருடத்தில் உறுப்பு தானத்துக்கே வேலையிருக்காது, அந்தப் படிவத்தில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறாய் என்று நண்பர் கேட்கிறார். போடலாமா, வேண்டாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள். நண்பரை அப்புறம் கவனிக்கலாம்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெரிக்காவின் ரெட்வயர் நிறுவனத்தின் திசு அச்சு இயந்திரம் இருக்கிறது. உயிருள்ள செல்கள் கலந்த கலவையை ஊசி வழியாகப் பிழிந்து அடுக்கடுக்காக வைக்கும் இயந்திரம் அது. 2023-ல் அதில் மனித முழங்காலின் மெனிஸ்கஸை அச்சடித்தார்கள். ஆட்டத்தில் விழுந்தவர்கள் ‘முட்டி ஜவ்வு கிழிஞ்சிடுச்சு’ என்று வந்து நிற்பார்களே, பல சமயம் கிழிந்திருப்பது இந்தப் பிறை வடிவக் குருத்தெலும்புதான். அச்சடித்ததை 14 நாள் அங்கேயே வளரவிட்டு, செப்டம்பரில் திரும்பிய விண்வெளி வீரர்களோடு ஃப்ளோரிடா கடலில் இறக்கினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இதயத் திசுவும் வந்து சேர்ந்தது. இதயம் இல்லை, இதயத் திசு. நண்பர் காதுக்கு வருவதற்குள் ‘திசு’ எங்கோ உதிர்ந்துவிட்டது. கிட்னி அவரே போட்டுக்கொண்ட கொசுறு.

‘ஈர்ப்பே இல்லாத இடம்’ என்பதும் சரியில்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் இழுப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே பூமியைச் சுற்றுவதால் எடை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எடை தெரியாததில் அச்சடிப்பவருக்கு என்ன லாபம்? முறுக்கு மாவு பிழிந்த இடத்தில் நிற்கும், தோசை மாவு ஓடிவிடும். உயிருள்ள செல்களுக்குப் பிடித்தது தோசை மாவுப் பதம். தரையில் அந்தப் பதத்தில் அடுக்கினால் சரிந்துவிடும் என்பதால் கெட்டிப்படுத்தும் பொருளைச் சேர்க்கிறார்கள். அது கூடினால் செல்களால் பரவவும் ஒன்றோடொன்று சேரவும் முடிவதில்லை. மேலே அந்தத் தொல்லை இல்லை. நீர்த்த கலவையே வைத்த இடத்தில் நிற்கிறது.

ரஷ்யர்கள் ஊசியே இல்லாமல் காந்தத்தை வைத்து இதைச் செய்தார்கள். அவர்களுடைய முதல் கருவி 2018 அக்டோபர் 11-ல் சோயுஸ் ராக்கெட் பாதியில் பழுதானபோது போய்விட்டது. வீரர்கள் இருவரும் கஜகஸ்தானில் உயிரோடு இறங்கினார்கள். டிசம்பரில் இன்னொரு கருவி போனது. ரஷ்ய விண்வெளி வீரர் ஓலெக் கொனொனென்கோ அதில் மனிதக் குருத்தெலும்பையும் எலியின் தைராய்டுத் திசுவையும் உருவாக்கினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றுகிற காடோலினியம் மருந்தைக் கலந்த திரவத்தில் செல் உருண்டைகளை மிதக்கவிட்டு, காந்தப்புலத்தால் நடுவில் கூட்டுவது அவர்கள் முறை. தரையில் இதற்கு மருந்தைக் கூட்ட வேண்டும், அது செல்களுக்கு விஷம்.

இனி நண்பரிடம் கேட்க வேண்டிய விஷயம். இவ்வளவு தூரம் போய் முழங்கால் குருத்தெலும்பை ஏன் எடுத்தார்கள்? அமெரிக்க ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகம் இதில் பங்காளி, சிப்பாய்களுக்கு முட்டி அடிபடுவது அதிகம் என்பது ஒரு காரணம். என் பார்வையில் பெரிய காரணம் வேறு. பெரியவர்களின் மெனிஸ்கஸில் ரத்த ஓட்டம் வெளி ஓரத்தில் மட்டும்தான். உள்பக்கத்துக்கு ரத்தக்குழாயே கிடையாது. உள்ளே கிழிந்தால் தானாக ஆறாமல் போவதும் அதனால்தான். குழாய் தேவைப்படாத திசு, அச்சடிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கிட்னியோ கல்லீரலோ அப்படியில்லை. ஒரு செல்லுக்கும் அருகிலுள்ள நுண்குழாய்க்கும் நடுவே 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போனாலே ஆக்சிஜன் தட்டுப்பாடுதான். கிட்னி ஒன்றில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சாகக் குழாய்கள். எடையின்மை கலவை சரியாமல் பார்த்துக்கொள்ளும். இந்தக் குழாய்களைப் போட்டுத் தராது.

1 சென்டிமீட்டர் தடிமனுள்ள திசுவை, ரத்தக்குழாய் மாதிரி வழிகளோடு 30 நாள் உயிரோடு வைத்துக் காட்டுங்கள் என்று நாசாவே போட்டி வைத்தது. 2021-ல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் மருத்துவ ஆய்வு நிலையத்தின் இரண்டு அணிகள் கல்லீரல் திசு செய்து முதலிரண்டு இடங்களைப் பிடித்தன. முதல் பரிசு 3 லட்சம் டாலர். செய்த இடம் தரைதான்! சரிவுப் பிரச்சினைக்கும் தரையில் வழி உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பெர்க் குழுவினர் ஜெலட்டின் கூழுக்குள் ஊசியை விட்டு, திசுக்களைத் தாங்கி நிற்கும் புரதமான கொலாஜனை அச்சடிக்கிறார்கள். கூழ் தாங்கிக்கொள்கிறது; 37 டிகிரிக்குச் சூடாக்கினால் ஜெலட்டின் உருகிப் போய்விடும், அச்சடித்தது நிற்கும்.

அதற்காக மேலே நடப்பது வெட்டி வேலை என்று சொல்ல மாட்டேன். மருந்தைப் பரிசோதிக்க ஒரு துண்டு இதயத் திசு போதும். செவ்வாய்க்குப் போகிறவருக்கு நடுவழியில் அடிபட்டால் ஒட்டுப் போட ஏதாவது வேண்டும். இவை நியாயமான நோக்கங்கள். உறுப்புத் தொழிற்சாலை என்று பேசுவதுதான் வியாபாரம்.

அச்சடித்த உயிருள்ள திசு மனித உடம்புக்குள் போனதும் தரையிலிருந்துதான். காது சரியாக வளராமல் பிறந்த ஓர் இளம்பெண்ணுக்கு, அவருடைய செல்களை வைத்தே அச்சடித்த வெளிக்காதைப் பொருத்தியதாக 2022-ல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். அதுவும் குருத்தெலும்புதான்.