கேளுங்கள் சொல்கிறேன்: தமிழுக்கென்று தனிச் சைகை மொழி வேண்டுமா?

கேள்வி: நாடு முழுக்க ஒரே சைகை மொழி, அதில் பாடப்புத்தகம் என்கிறார்கள். இது கை வழியாக வரும் இந்தித் திணிப்புதானே? தமிழ்ச் சைகை மொழி ஒன்றை நாமே உருவாக்கினால் என்ன?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேற்கு மாம்பலம்

ஐயா, நீங்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. டெல்லியிலிருந்து 'ஒரே' என்று ஆரம்பித்து எது வந்தாலும் நம் ஊரில் காது விடைத்துக்கொள்ளும். ஆனால் இந்திய சைகை மொழிக்கும் இந்திக்கும் சம்பந்தம் கிடையாது. வாயால் பேசுவதைக் கையால் நடித்துக் காட்டுவதல்ல அது, தனி இலக்கணம் உள்ள மொழி. லண்டன்காரரும் நியூயார்க்காரரும் பேசுவது ஒரே ஆங்கிலம், ஆனால் இரண்டு ஊர்ச் சைகை மொழியும் வேறு. எழுத்துகளைக் காட்டக்கூட லண்டனில் இரண்டு கை, நியூயார்க்கில் ஒரு கை. (நமக்கு இரண்டு கை.) சொல்லப்போனால் இந்திய சைகை மொழியில் 'இல்லை' வாக்கியத்தின் கடைசியில் வரும், 'வரவில்லை' என்கிற மாதிரி. இந்தியில் அது வினைக்கு முன்னால் வரும். தற்செயல்தான், இருந்தாலும் உங்களுக்குப் பிடிக்கும் என்று சொன்னேன்.

'உருவாக்குவது' என்ற சொல்தான் எனக்கு நெருடுகிறது. என் சித்தப்பா பிறவியிலேயே காது கேளாதவர். ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் நண்பர்களோடு உட்காருவார், இருட்டினால் கூட்டம் மொத்தமும் எழுந்து விளக்குக் கம்பத்தடிக்கு நகரும், வெளிச்சம் போனால் பேச்சு போச்சே. திரும்பும்போது எல்.பி. ரோட்டின் இந்தப் பக்க ஸ்டாப்பில் இவர், எதிர்ப் பக்கத்தில் அவருடைய நண்பர், நடுவில் அத்தனை ஹாரன், இருவரும் சாவகாசமாக ஏதோ குடும்ப வழக்கைப் பேசி முடிப்பார்கள். குறுக்கே பஸ் நின்றால் மட்டும் கையை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். இந்த மொழியை எந்தக் கமிட்டியும் உருவாக்கவில்லை. பள்ளி விடுதிகளிலும் இந்த மாதிரி சங்கக் கூட்டங்களிலும் தானாக வளர்ந்தது. 1970களின் கடைசியில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூரில் சைகைகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வாளர்களும் ஊருக்கு ஊர் சொல் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான் என்றார்கள்.

அரசு செய்வது அதைப் பதிவு செய்யும் வேலை. டெல்லியில் 2015-ல் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வந்தது. 2018-ல் 3,000 சொற்களோடு வந்த அவர்களுடைய வீடியோ அகராதி 2021-ல் 10,000-ஐத் தொட்டது. நல்ல காரியம். ஆனால் அகராதியில் இல்லை என்பதற்காக என் சித்தப்பாவின் சென்னைச் சைகையை ஓர் ஆசிரியர் 'தப்பு' என்று அடித்தால் அங்கேதான் நீங்கள் பயப்படுகிற திணிப்பு நடக்கிறது. 2020 கல்விக் கொள்கையிலேயே வட்டாரச் சைகைகளை மதிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. சண்டை போடுவதென்றால் அந்த வரிக்காகப் போடுங்கள் ஐயா, நானும் வருகிறேன்.

கேள்வி: சமச்சீர்ப் பாடங்களைச் சைகை மொழி வீடியோவாக எடுக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– சிறப்பாசிரியை, தாம்பரம்

முதலில் அந்த மூலைப் பெட்டியை எடுத்துவிடுங்கள் மேடம். படம் பெரிதாக ஓடும், ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டிருப்பார், பிள்ளை எதைப் பார்க்கும்? இலையைப் பற்றிய பாடமென்றால் முதலில் இலையைக் காட்டுங்கள், இரண்டு நொடி பார்க்க விடுங்கள், அப்புறம் சைகைக்கு வாருங்கள். கேமரா முன்னால் நிற்பவர் காது கேளாத ஆசிரியராக இருக்கட்டும், அவர்களுக்கென்றே அந்த டெல்லி மையம் டிப்ளமா நடத்துகிறது. கட்டம் போட்ட சட்டை வேண்டாம், கைவிரல் அதில் தொலைந்துவிடும்.

கஷ்டமான இடம் தமிழ்தான். 'கொடு' என்பதற்குக் கை கொடுப்பவரிடமிருந்து வாங்குபவரை நோக்கி நகரும், யார் யாருக்கு என்பது அந்த அசைவிலேயே தெரிந்துவிடும், தனியாக ஒரு 'கு' தேவையில்லை. அதே பிள்ளை எழுதும்போது உருபு காணாமல் போகும். 'ராமு பாம்பு கடித்தது' என்று எழுதும். கடித்தது யார்? நாம் சிரித்துவிட்டு அரை மார்க் குறைப்போம். அது பிள்ளையின் அறிவுக் குறை இல்லை, அதற்குத் தமிழ் இரண்டாம் மொழி, நாம் யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் நாலு வாக்கியத்தையாவது சைகையில் சொல்லி, எழுதிக் காட்டி, 'ஐ'யையும் 'கு'வையும் வட்டம் போட்டுக் காட்டுங்கள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களைச் சைகை மொழியில் கொண்டுவர 2020 அக்டோபரில் ஒப்பந்தம் ஆனது, அதையும் பாருங்கள். ஆனால் நம் பாடநூல் வேறு, அந்த வட்டத்தை நீங்கள்தான் போட வேண்டும்.

கேள்வி: மகளுக்கு நாலு வயது, காது கேட்காது. மெஷின் வைத்திருக்கிறோம். சைகை பழக்கினால் பேச்சே வராது என்கிறார் மாமியார்.
– வாசகி, பெரம்பூர்

உங்கள் மாமியார் புதிதாக எதையும் சொல்லவில்லை அம்மா. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூட்டி, வாய்ப்பேச்சுதான் உசத்தி, வகுப்பில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். பல நாடுகளில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2010-ல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 வருஷம்.

சைகை பேச்சைத் தடுக்காது. மெஷினையும் பேச்சுப் பயிற்சியையும் விடாதீர்கள், கூடவே சைகையும் போகட்டும். நாலு வயதில் ஏதாவது ஒரு மொழி முழுசாக உள்ளே போயாக வேண்டும், அது எது வழியாகப் போனால் என்ன? வகுப்புக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பகலெல்லாம் பாப்பா அவரிடம்தானே இருக்கிறாள்.