முடிவு வந்த பிறகும் ஐந்து மணிக்கு விழிப்பு

வணக்கம்.

எங்கள் வேட்பாளருக்காக நான்கு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தோற்றுவிட்டோம். முடிவு வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து செய்ய ஒன்றும் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கடைசியாக வந்தது 'எல்லோருக்கும் நன்றி'. அதோடு சரி. அக்கா எதிர்த்தரப்புக்கு ஓட்டுப் போட்டவள், அவளிடம் பேசவே பிடிக்கவில்லை. "ஒரு தேர்தலுக்கா இப்படி?" என்கிறார்கள் வீட்டில். யாரோ இறந்துபோன மாதிரி இருப்பது அசட்டுத்தனமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

அசட்டுத்தனம் இல்லவே இல்லை. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலின் இரவில், தோற்ற வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போட்ட ஆண்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். முடிவு வந்ததும் அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு இறங்கியிருந்தது. வெறும் ஓட்டுப் போட்டவர்களின் உடம்பே அப்படித் துவண்டது என்றால், நீங்கள் நான்கு மாதம் உழைத்தவர்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தோல்வியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. மீதியெல்லாம் ஐந்து மணி விழிப்பும் அடங்கிப்போன குழுவும்தான். உங்களை வாட்டுவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. தினமும் உங்களை எழுப்ப ஒரு வேலை இருந்தது, "எங்கே இருக்கீங்க?" என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். எல்லாம் ஒரே ராத்திரியில் நின்றுவிட்டது. ஜெயித்த பக்கம் ஓடியாடியவர்களுக்கும் கொண்டாட்டம் அடங்கியதும் இந்த வெறுமை வரும். அவர்கள் வெளியே சொல்லத் தயங்குவார்கள், அவ்வளவுதான்.

என் 24 வயதில் இதையே பட்டிருக்கிறேன். முடிவு வந்து சில நாள் கழித்துப் பையைக் காலி செய்ய உட்கார்ந்தேன். மிஞ்சிய துண்டுப்பிரசுரங்கள், மூடி தொலைந்த பேனா, நாலாக மடித்து மடித்துக் கிழிந்துபோன வாக்காளர் பட்டியல். பட்டியலின் ஓரம் முழுக்க என் பென்சில் குறிப்புகள். 'ஆறு மணிக்கு மேல் வரவும்.' 'நாய் உண்டு.' 'நமக்குப் போட மாட்டார், ஆனால் உட்காரச் சொல்வார்.' ஒரு பெயருக்கு நேரே, 'பார்வை போய்விட்டது, கடிதம் படித்துக் காட்ட ஆள் இல்லை.' அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அழுதேன்.

இது எவ்வளவு நாள் இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 1994-இல் டெக்சாஸ் மாநில ஆளுநர் தேர்தலின்போது, டேனியல் கில்பர்ட்டும் அவரோடு சேர்ந்த உளவியலாளர்களும் வாக்காளர்களிடம் இதைத்தான் கேட்டார்கள். ஆன் ரிச்சர்ட்ஸின் ஆதரவாளர்கள், அவர் தோற்றால் ஒரு மாதம் கழித்தும் நொந்துபோயிருப்போம் என்றார்கள். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஜெயித்தார். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், அவர்கள் தேர்தலுக்கு முன் இருந்த மாதிரியேதான் இருந்தார்கள். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம், நீங்கள் கொடுத்தது அதிகம். சாப்பாடும் தூக்கமும் இதே மாதிரி கெட்டுக்கொண்டே போனால் மட்டும் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே ஓட்டுப் பிரிந்தது, யார் சொதப்பினார்கள் என்ற விவாதங்களைக் கொஞ்ச நாள் பார்க்காதீர்கள். புண்ணைச் சொறிகிற வேலை அது. அக்காவிடம் பேசுங்கள், தேர்தலைத் தவிர வேறு எதையாவது. அப்புறம், அந்த 'நன்றி'க்குக் கீழே நீங்களே ஒரு செய்தி போடுங்கள், ஒரு சாயங்காலம் எல்லோரும் சும்மா சந்திக்கலாம் என்று. மேலே இருப்பவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். மற்றவர்களும் உங்களைப் போலவே ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

நான் அந்தப் பார்வை இல்லாத பெரியவர் வீட்டுக்குப் போனேன். "தேர்தல்தான் முடிஞ்சு போச்சே தம்பி, இப்ப எதுக்கு வந்தே?" என்றார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. மேசைமேல் பிரிக்காத கடிதங்கள் ஒன்பது இருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அடுத்த வாரமும் போனேன்.

அன்புடன்.