மகாதீபத்துக்குக் குழந்தைகளோடு எந்த நாள் போகலாம்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். திருவண்ணாமலை தீபத்தை இந்த வருஷம் குடும்பத்தோடு பார்க்க ஆசை. 10 வயது மகன், 5 வயது மகள், முழங்கால் வலியோடு மாமியார். கணவர் மகனோடு மலை ஏறவும் நினைக்கிறார். எப்படிப் போவது நல்லது?

பதில்: தீபத்தன்று போகாதீர்கள் அம்மா. பல வருஷமாகக் குடும்பங்களுக்கு வேன் ஏற்பாடு செய்து கூடவே போய் வருகிறவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். அன்று லட்சக்கணக்கில் ஜனம். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து நெரிசலில் நடக்க உங்கள் மாமியாரால் முடியாது. சின்னவள் கண்ணுக்குப் பெரியவர்களின் இடுப்புதான் தெரியும், தீபம் தெரியாது.

ஆனால் 2,668 அடி உயர உச்சியில் அந்தத் தீபம் ஒரே நாளில் அணைந்துவிடுவதில்லை. 11 நாள் எரியும், தினமும் மாலை 6 மணிக்கு ஏற்றுவார்கள். முதல் நாளையொட்டிப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இருக்கும். அடுத்த மூன்று நாள் அய்யங்குளத்தில் தெப்பல், அதற்கும் கூட்டம் உண்டு. அதனால் ஐந்தாம் நாளுக்குப் பிறகு, சனி ஞாயிறு இல்லாத ஒரு நாளைப் பிடியுங்கள். இன்னொரு லாபமும் இருக்கிறது. பௌர்ணமி கழிந்தால் நிலா தாமதமாகத்தான் எழும். இருட்டு வானத்தில் சுடர் தனியாகத் தெரியும்.

மதியம் 2 மணிக்குக் கிளம்புங்கள். மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாக 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். செங்கத்தில் டீ குடித்து, எல்லோரும் பாத்ரூம் போய்விட்டு ஏறுங்கள். ஊருக்குள் நுழையவே வேண்டாம். செங்கம் சாலையில் கிரிவலப் பாதை சேரும் பக்கமாக, மலை மறைக்காத இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, மாமியாருக்கு ஒரு மடக்கு நாற்காலி போடுங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் இந்தப் பயணத்தில் வேண்டாம். மேகம் உச்சியை மூடியிருந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள். கார்த்திகை மேகம் நகரும். அரை மணி நேரம் காத்திருந்த பிறகு சட்டென்று விலகி, மலைத் தலையில் குங்குமப் பொட்டுபோல் சுடர் தெரிந்ததும் வேன் முழுக்க "அரோகரா" என்று கத்தியதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பனி இறங்கும், ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

மலை ஏறுவதைக் கணவர் கைவிட வேண்டும். 2024 டிசம்பர் 1-ம் தேதி அந்த மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். அந்த வருஷம் தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. மழை ஊறிய மண்ணில், இருட்டில், பத்து வயதுப் பையனோடு ஏறுவது சரியில்லை.

சரி, தீபத்தன்று பிள்ளைகளுக்கு என்ன? அன்று மாலை டிவி நேரலையில் உச்சியில் தீபம் ஏறியதும் வாசலில் அகல் வையுங்கள். அப்புறம் மாவளி சுற்றுங்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் செய்கிறார்கள், சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். காய்ந்த பனம்பூவைக் குழியில் போட்டுக் கொளுத்தி, கனன்றதும் மண்ணால் மூடினால் கரியாகும். அதைப் பொடித்து, பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டி, நூலால் இறுக்கி, பிளந்த பனைமட்டைக்குள் செருகிக் கயிறு கட்டுவார்கள். நுனியில் ஒரு தணலை வைத்துச் சுற்றினால் முதலில் புகைதான் வரும். கை வேகம் கூடியதும் பூப்பூவாகப் பொறி பறந்து, இருட்டில் ஒரு தங்க வளையம் நிற்கும். மத்தாப்பில் அந்த அழகு இல்லை.

கயிற்றை உங்கள் மகன் கையிலேயே கொடுக்கலாம், பக்கத்தில் அப்பா நிற்கட்டும். வைக்கோல் போர் இல்லாத வெட்டவெளியாக இருக்க வேண்டும். நைலான் சட்டை கூடாது, காட்டன் போடுங்கள். ஒரு வாளித் தண்ணீர் அருகில் இருக்கட்டும். சின்னவள் இருபதடி தள்ளி, பாட்டி மடியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.