தனி ஆளா பழிவாங்குற ஹீரோயின் த்ரில்லர் தொடர்கதையை வர வர படிக்கலாமா, முடிஞ்சப்புறம் மொத்தமா படிக்கலாமா?

வர வர படிங்க. அடிபட்டவதான் சொல்றேன்.

ராத்திரி 11 மணிக்கு 'தொடரும்' பாத்துட்டு கடுப்புல இதக் கேட்டிருப்பீங்கன்னு நெனைக்கிறேன். எனக்கு 46 வயசு, திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் மளிகை மொத்தக் கடையில கணக்கு எழுதுறேன், இந்த வயசுல உனக்கு எதுக்கு கொலைக் கதைன்னு வீட்லயே கேட்டாச்சு, அதனால நீங்களும் கேக்க வேணாம். போன வருஷம் ஒரு ஆப்ல ஒரு கதை. நாயகி லேப் டெக்னீஷியன், தங்கச்சி சாவுக்குக் காரணமான நாலு பேரை ஒவ்வொருத்தனா தேடிப் போறா. சும்மா மொத பாகத்தத் தொட்டேன், 58ல வந்து நின்னேன். மூணாவது ஆளோட வீட்டு மொட்டமாடி, தண்ணி டேங்குக்குப் பின்னாடி அவ ஒளிஞ்சிருக்கா, படியில செருப்புச் சத்தம் ஏறி வருது, தொடரும். அடுத்த பாகத்துக்குக் காசு கட்டணும், இல்லன்னா நாளைக்கு. கட்டிட்டேன்.

59 முழுக்க ஃப்ளாஷ்பேக்! 60 வரவே இல்ல. ஒரு வாரம் கழிச்சு ஒரு குறிப்பு, செமஸ்டர் எக்ஸாமாம், மன்னிச்சுக்கணுமாம். அடிப்பாவி, இத்தன கொலைக்கும் பிளான் போட்டது ஒரு காலேஜ் புள்ளயா. 5 வாரம் நான் வவுச்சர் ஒட்டிக்கிட்டே அந்தச் செருப்பு யாரோடதுன்னு யோசிச்சேன். எங்க கடையில பில் போடுற அக்காவும் அதே கதை படிக்கிறாங்க, வாட்ச்மேன்தான்னு நான் சொல்ல, இல்லடி அந்த மூணாவது ஆளோட பொண்டாட்டி, அவளுக்கும் அவன் மேல கோவம் இருக்கும், இவளோட சேந்துக்குவா பாருன்னு அவங்க சொல்ல, டீ டைம் பூரா இதே பேச்சு. கடைசில வந்தது, டேங்க் ரொம்பிடுச்சான்னு பாக்க வந்த பக்கத்து வீட்டுத் தாத்தா. சப்புன்னு போச்சு. மொத்தமா படிச்சிருந்தா அந்த எடத்த அரை நிமிஷத்துல தாண்டியிருப்பேன், அந்த அக்கா சொன்ன பொண்டாட்டி கதை எனக்குக் கெடச்சிருக்காது. இன்னைக்கும் எனக்கு அதுதான் நெஜக் கதை.

சட்டத்தக் கையில எடுக்குறத ஆதரிக்கிறியான்னு யாராவது வருவீங்க. இல்லீங்க, கதையில மட்டும். மதுரைய எரிச்ச கண்ணகிக்கு 1968லயே மெரினாவுல சிலை வெச்சாச்சு. அவளே தீக்கிட்ட வயசானவங்க, கொழந்தைங்கள விட்டுட்டு கெட்டவங்க பக்கம் மட்டும் போன்னுதான் சொன்னா. இந்த லேப் பொண்ணும், வீட்ல அவனோட அம்மா இருந்தா பேசாம திரும்பி வந்துடுவா. அதுக்காகவே எனக்கு அவளப் புடிக்கும்.

இன்னொண்ணு, பொம்பளைங்க எழுதுற தொடர்னா குப்பைங்கிறவங்களுக்கு. வை.மு.கோதைநாயகி 1925ல ஜகன்மோகினி பத்திரிகைய எடுத்து நடத்தி, அதுலயே தொடரா எழுதி 115 நாவல் போட்டவங்க, துப்பறியும் கதையும் சேத்துத்தான். ஆரம்பத்துல எழுதத் தெரியாம, இவங்க சொல்லச் சொல்ல ஒரு தோழிதான் எழுதிக் குடுத்தாங்க. செமஸ்டர் எழுதுற புள்ளய நக்கல் பண்றதுக்கு முன்னாடி இதையும் யோசிங்க. நான் பண்ணுனது வேற, நான் காசு கட்டுனவ.

பழிவாங்குறதுன்னு பேச்சு வந்ததால சொல்றேன், எங்க அபார்ட்மென்ட்ல 3 வருஷமா மெயின்டனன்ஸ் கணக்கே காட்டல. மோட்டார் ரிப்பேர் 18,000ன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருக்காங்க, பில் எங்கன்னு கேட்டா உங்களுக்குப் புரியாது மேடம்ங்கிறாரு கணக்கு பாக்குறவரு. நாள் பூரா பில்லுலயே கெடக்குற என்கிட்ட. ஞாயித்துக்கெழம மீட்டிங் இருக்கு, மூணு வருஷ ரசீதையும் வரிசையா அடுக்கி வெச்சிருக்கேன்.