நீல விளக்கின் கீழ்: பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலை பற்றிக் கேள்வி பதில்

பச்சிளங்குழந்தைகள் வார்டில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பிறந்த குழந்தைகளை 'லைட்டில் வைப்பது' என்று நாம் சொல்லும் ஒளி சிகிச்சையைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தேன். தாய்மார்கள், செவிலியர்கள், வேதியியலும் பொறியியலும் படிப்பவர்கள் எனப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (செவிலியர் மாணவி, மூன்றாம் ஆண்டு): மேடம், எங்கள் பாடத்திட்டத்தில் ஆராய்ச்சி ஒரு தனித்தாள். ஆனால் ஆராய்ச்சி செய்வது டாக்டர்களும் விஞ்ஞானிகளும்தானே? வார்டில் ஓடிக்கொண்டே இருக்கும் எங்களுக்கு அது எதற்கு?

பதில்: இந்தச் சிகிச்சையே ஒரு செவிலியரிடமிருந்து தொடங்கியதுதான் அம்மா. அந்தக் கதையை முழுதாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனை. அங்கே குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் சிஸ்டர் ஜீன் வார்டு. இன்குபேட்டரின் புழுக்கத்தைவிட வெளிக்காற்றும் வெயிலும் குழந்தைகளுக்கு நல்லது என்று உறுதியாக நம்பியவர். வெயில் இதமாக இருக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காற்றாட வைத்துவிட்டு, மருத்துவர்கள் சுற்றுக்கு வருவதற்குள் உள்ளே கொண்டுவந்துவிடுவார்.

1956ஆம் ஆண்டு கோடையில், ஒரு நாள் சுற்றின்போது ஒரு குழந்தையின் துணியை விலக்கி மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளிறியிருந்தது. ஒரு முக்கோணம் மட்டும் அடர்மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தது. மூத்த மருத்துவர் டாப்ஸ், அந்த இடத்தில் அயோடின் ஏதாவது தடவினீர்களா என்று கேட்டாராம். இல்லை, வெயில்தான் காரணம் என்றார் சிஸ்டர். வெயில் பட்ட தோலில் காமாலை வெளிறிவிட்டது. போர்வையின் முனை மறைத்திருந்த இடத்தில் அது அப்படியே நின்றுவிட்டது.

சில வாரங்கள் கழித்து இன்னொன்று நடந்தது. காமாலை கண்ட ஒரு குழந்தையின் ரத்தம் இருந்த சோதனைக்குழாய் ஆய்வகத்து ஜன்னலோரம் வெயிலில் சில மணி நேரம் கிடந்துவிட்டது. பிறகு அளந்தபோது, காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் பழைய உயர்ந்த அளவு அப்படியே இருந்தது. 'சோதனையில் ஏதோ பிழை' என்று அதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அந்த மருத்துவமனையினர் அப்படிப் போகவில்லை. வார்டில் பார்த்த முக்கோணத்தையும் ஜன்னலோரக் குழாயையும் சேர்த்து யோசித்தார்கள். நீலக் குழல்விளக்குகளைத் தொட்டிலுக்கு மேல் வளைவாகப் பொருத்தி ஒரு கருவி செய்தார்கள். கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் மூவரும் 1958இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள்.

முக்கோணத்தைப் பார்க்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. குழந்தையைத் தினமும் குளிப்பாட்டித் துடைத்து, நேற்று எப்படி இருந்தது என்று நினைவில் வைத்திருப்பவரின் கண் போதுமாக இருந்தது. அந்தக் கண் உங்களுக்கு இருக்கிறது. பார்த்ததை எழுதிவைக்கவும், எழுதியதைக் கொண்டு கேள்வி கேட்கவும்தான் அந்தத் தனித்தாள் கற்றுத்தருகிறது.

கேள்வி (முதுகலை வேதியியல் மாணவர்): ஒளி பட்டதும் பிலிருபின் அழிந்துவிடுகிறதா? ஆக்சிஜனேற்றம் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன்.

பதில்: ஆக்சிஜனேற்றமும் நடக்கிறது, ஆனால் மெதுவாக. அதன் பங்கு சிறியது. முக்கிய வேலை மூலக்கூறின் வடிவத்தில் நடக்கிறது.

பழைய சிவப்பணுக்கள் உடையும்போது ஹீமோகுளோபினிலிருந்து முதலில் பச்சை நிற பிலிவெர்டினும், அதிலிருந்து மஞ்சள் பிலிருபினும் உண்டாகின்றன. ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்குச் சுமார் 35 மில்லிகிராம் பிலிருபின். இந்த மூலக்கூறில் நீரை நாடும் தொகுதிகள் இருந்தும் அது நீரில் கரைவதில்லை. வெற்றிலையை மடித்துப் பாக்கை உள்ளே மறைப்பதுபோல, அது நடுவில் மடிந்து, ஆறு ஹைட்ரஜன் பிணைப்புகளால் அந்தத் தொகுதிகளைத் தனக்குள்ளேயே பூட்டிவைத்திருக்கிறது. கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். பிறந்த குழந்தையின் கல்லீரலில் அதற்கான நொதி மிகக் குறைவாகவே வேலை செய்கிறது. அதனால்தான் பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தட்டுகிறது.

நீல ஒளி பட்டதும் இரட்டைப் பிணைப்பு ஒன்று திரும்பிக்கொள்கிறது. நீங்கள் படிக்கும் இசட்–இ (Z–E) மாற்றியமாதல் இதுதான். மடிப்பு குலைந்து, மறைந்திருந்த தொகுதிகள் வெளியே வருகின்றன. நீரில் கரையும் தன்மை கிடைத்துவிடுவதால், கல்லீரல் எதையும் சேர்க்காமலேயே அது பித்தத்தில் போய்விடும். இந்த மாற்றம் வேகமானது, ஆனால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது. இன்னொரு வழியில் லூமிருபின் என்ற பொருள் உண்டாகிறது. அது மெதுவாக உண்டாகும், ஆனால் பழைய நிலைக்குத் திரும்பாது. பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். இந்த வேதியியலை விளக்கியதில் ஆன்டனி மெக்டோனா, டேவிட் லைட்னர் ஆகிய இருவரின் பங்கு பெரிது. ஒளி வேதியியலைப் பாடமாக மட்டும் படிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் கரும்பலகையில் வரையும் அந்தத் திருப்பம் இந்த நிமிடம் பல ஆயிரம் குழந்தைகளின் தோலுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. ஒருமுறை வார்டுக்கு வந்து பாருங்கள்.

கேள்வி (ஒரு தந்தை): அந்த விளக்கின் சூடுதான் காமாலையைப் போக்குகிறதா? புற ஊதாக் கதிர் பட்டுக் குழந்தைக்கு ஏதும் ஆகாதா?

பதில்: இரண்டும் இல்லை. வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி, குறிப்பாக 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான பகுதி. சூடு பக்கவிளைவுதான். குழந்தைக்கு நீர்ச்சத்து குறையாமல் நாங்கள் கவனிப்பது அதனால்தான். கண்ணைக் கட்டுவது பிரகாசமான ஒளியிலிருந்து விழித்திரையைக் காக்க.

கேள்வி (இளம் தாய்): சிஸ்டர், காலை வெயிலில் காட்டினால் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார் மாமியார். ஜீன் வார்டு செய்ததும் அதுதானே?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. வெயிலில் அந்த நீல ஒளி தாராளமாக உண்டு. ஆனால் துணி சுற்றிய குழந்தையைப் பத்து நிமிடம் திண்ணையில் வைத்திருப்பது சிகிச்சை ஆகாது. துணியில்லாமல் பல மணி நேரம் வைத்தால்தான் பலன் கிடைக்கும். அப்படி வைத்தால் தோல் பொசுங்கும், உடல் சூடேறும் அல்லது குளிர்ந்துபோகும். இதைவிடப் பெரிய ஆபத்து, 'வெயிலில் காட்டுகிறோமே' என்ற தைரியத்தில் இரண்டு நாள் கடந்துவிடுவது. பிலிருபின் மிக உயர்ந்து மூளைக்குள் இறங்கிவிட்டால் அந்தச் சேதம் திரும்பாது. செவித்திறன் போன குழந்தைகளையும், கை கால்கள் முறுக்கிக்கொண்ட குழந்தைகளையும் நான் தூக்கியிருக்கிறேன். வெயிலை நம்பிக் காத்திருக்காதீர்கள் என்று அதனால்தான் கெஞ்சிச் சொல்கிறேன்.

வெயிலைச் சரியாகப் பயன்படுத்திய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில், புற ஊதாவையும் வெப்பக் கதிரையும் வடிகட்டி நீல ஒளியை மட்டும் தாராளமாக விடும் பிளாஸ்டிக் படலத்தால் பந்தல் போட்டு, அதன்கீழ்த் தாயோடு குழந்தையை வைத்தார்கள். 2015இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த முடிவின்படி, சிகிச்சை நாட்களில் 93 சதவீதத்தில் அது பலன் தந்தது. வழக்கமான விளக்குக்கு 90 சதவீதம். மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில் இது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் அங்கே செவிலியர்கள் உடல் வெப்பத்தை விடாமல் அளந்துகொண்டே இருந்தார்கள். வீட்டு முற்றத்தில் அது நடக்காது.

கேள்வி (தாய், இரண்டாவது பிரசவம்): முதல் குழந்தைக்குக் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றினார்கள். துணியில் பாச்சை உருண்டை போட்டிருந்தீர்களா என்று அப்போது சிஸ்டர் கேட்டார். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: அந்தச் சிஸ்டருக்கு என் வணக்கம். பாச்சை உருண்டைகளில் நாப்தலின் இருக்கும். அதன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போய், சிவப்பணுக்களைத் தாக்கும் பொருட்களாக மாறுகிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்களால் அந்தத் தாக்குதலைத் தாங்க முடியாது. அவை கூட்டமாக உடையும், பிலிருபின் ஏறும். இந்தக் குறைபாடு பெரும்பாலும் ஆண் குழந்தைகளில் வெளிப்படும். பீரோவில் உருண்டையோடு மடித்து வைத்திருந்த பழைய பருத்திச் சேலையைக் குழந்தைக்கு விரிப்பது நம் வீடுகளில் வழக்கம். அடுத்த குழந்தைக்குத் துணிகளை உருண்டையே இல்லாத இடத்தில் வையுங்கள். முதல் குழந்தைக்கு ஜி6பிடி பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிரசவத்துக்குப் போகும்போது இந்த வரலாற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (உயிர்மருத்துவப் பொறியாளர்): குறைந்த செலவில் எல்இடி விளக்கு ஒன்று வடிவமைக்கிறோம். வார்டிலிருந்து பார்ப்பவராக என்ன சொல்வீர்கள்?

பதில்: முதலில் ஒரு நிகழ்ச்சி. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், குழல்விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தும் குழந்தைகளின் அளவு இறங்கவில்லை. 'இந்தக் குழந்தைகளுக்கு லைட் ஒத்துக்கொள்ளவில்லை' என்றுகூட ஒருவர் சொன்னார். ஒளிச்செறிவை அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். தீவிர ஒளி சிகிச்சைக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில், ஒரு நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட் வேண்டும். எங்கள் விளக்கு 10ஐக்கூடத் தொடவில்லை. குழல்கள் கிழடாகியிருந்தன. கண்ணுக்கு நீலமாகத் தெரிந்ததே தவிர, வேலை செய்யும் அலைநீளத்தில் வலுவில்லை. குழல்களை மாற்றிய பிறகு அளவுகள் இறங்கின. அதற்குமுன் அந்த விளக்கின்கீழ் எத்தனை குழந்தைகள் கிடந்தார்கள் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

எல்இடி இந்தக் கவலையைப் பெரிதும் குறைத்தது. நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1998இல், ஸ்டான்ஃபோர்டில் ஹெண்ட்ரிக் விரேமன் குழுவினர் இதே எல்இடியைக் காமாலைச் சிகிச்சைக்குச் சோதித்திருந்தார்கள். ஆனாலும் எல்இடி தேய்வதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று காட்டும் எண்ணி கட்டாயம் வையுங்கள்.

ஒளிச்செறிவு படுக்கையின் நடுவில் 40 இருந்து ஓரத்தில் 12 இருந்தால் குழந்தைக்குக் கிடைப்பது சராசரிதான். ஒரே புள்ளியில் அளந்து விளம்பரம் செய்யாதீர்கள், படுக்கை முழுவதும் அளந்து சொல்லுங்கள். வெவ்வேறு மீட்டர்கள் ஒரே விளக்குக்கு வெவ்வேறு எண் காட்டும் என்பதால், எந்த மீட்டர் என்பதையும் எழுதுங்கள். நீல ஒளியில் குழந்தை நீலம் பாரித்தால் எங்களுக்குத் தெரியாது. ஒரே விசையில் வெள்ளை ஒளிக்கு மாறும் வசதி வேண்டும். இரவு முழுவதும் அந்த நீலத்தைப் பார்க்கும் செவிலியருக்குத் தலைவலியும் குமட்டலும் வருகின்றன. பக்கவாட்டில் மறைப்பு வைத்தால் எங்களுக்கு உதவி. இந்த விளக்குகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 60601-2-50ஐக் கையில் வைத்துக்கொண்டே வரையத் தொடங்குங்கள். பொருத்தும் கம்பியில் தூரத்தைக் காட்டும் கோடுகள் போடுங்கள். யாராவது ஒருவர் விளக்கை மேலே தள்ளிவிட்டுப் போவது தினமும் நடக்கிறது.

கேள்வி (பணியில் சேர்ந்து ஆறு மாதமான செவிலியர்): ரத்தம் எடுத்ததும் குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றச் சொல்கிறார்கள். ஏன்?

பதில்: ராச்ஃபோர்டு ஜன்னலோரக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கும் நேரத்துக்கு விளக்கையும் அணையுங்கள். லைட்டில் இருக்கும் குழந்தையின் தோலைப் பார்த்துக் காமாலையை மதிப்பிடவே கூடாது. ரத்தத்தில் அளவு இறங்குவதற்கு முன்பே தோல் வெளுத்துவிடும்.

கேள்வி (பாட்டி): கீழாநெல்லிச் சாறு ஒரு சொட்டு, இல்லாவிட்டால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, தாய்ப்பால் மட்டும். பால் அடிக்கடி கொடுத்தால்தான் மலம் போகும், பிலிருபினும் அதோடு போகும். தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைத்துவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, கீச்சென்று அழுதாலோ அன்றே மருத்துவமனை. இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் அது பித்தநாளக் கோளாறாக இருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி (எம்.எஸ்சி. செவிலியம்): ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறேன். 'தாய்மார்களின் விழிப்புணர்வு' என்று எல்லோரும் எடுக்கிறார்கள். வேறு ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: உங்கள் வார்டின் விளக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தினமும் மூன்று வேளை தூரத்தையும், படுக்கையில் ஐந்து இடங்களில் ஒளிச்செறிவையும் அளந்து எழுதுங்கள். பால் கொடுக்கவும் துணி மாற்றவும் குழந்தை எத்தனை நிமிடம் விளக்குக்கு வெளியே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'குழந்தை 24 மணி நேரம் லைட்டில் இருந்தது' என்று கேஸ் ஷீட்டில் இருக்கும். உண்மையில் எத்தனை மணி நேரம் என்பதைக் கூடவே இருக்கும் செவிலியரால்தான் சொல்ல முடியும். மீட்டருக்குப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியைக் கேளுங்கள். ஆய்வக வேதியியலாளரிடம், குழாய் எவ்வளவு நேரம் வெளிச்சத்தில் இருந்தால் அளவு எவ்வளவு மாறுகிறது என்று கேட்டு அதையும் சேர்க்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் கிடைத்த பிறகே தொடங்குங்கள்.

மூன்று துறையினரும் சேரும்போது முதல் கூட்டத்திலேயே கட்டுரையில் யார் யார் பெயர் வரும் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். இரவுப் பணியில் எண்களைக் குறித்த செவிலியரின் பெயரும் அதில் வர வேண்டும். 1958 கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஜீன் வார்டு இல்லை.