ராப் எழுதும் பிளஸ் ஒன் பையன்: வியாசர்பாடி அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம். பாடப் புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடும் மகன், தாளத்தோடு வேகமாகச் சொல்லும் ராப் பாட்டு எழுத மட்டும் நடுராத்திரி வரை முழித்திருக்கிறான், அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கிழிக்காதீர்கள்.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பக்கத்தை நிதானமாகப் படித்தேன். தண்ணி லாரி வரும் காலை நேரத்தை எழுதியிருக்கிறான். ‘லாரி வந்தா தெருவே ஓடும்’ என்ற வரிக்குக் கீழே மூன்று வரிகளை அடித்துவிட்டு, நான்காவதாக ‘குடத்துக்குள்ள சண்டை கூடும்’ என்று வைத்திருக்கிறான். வரிகளின் முடிவு ஒத்து ஒலிக்கும் இயைபு கச்சிதமாக விழுந்திருக்கிறது. பரீட்சையில் இலக்கணக் கேள்வியை விட்டுவிட்டு வருகிற பையன் இவன்தான். அந்தப் பக்கத்தை அவனுடைய தமிழாசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவுக்கு அவன் பெயரைக் கொடுக்கவும் அவரிடமே கேளுங்கள்.

இது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்பின் கூடத்தில் டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தைத்தான், ராப்பும் சேர்ந்த ஹிப்-ஹாப் கலையின் பிறப்பு என்பார்கள். வாத்தியம் வாங்கவோ வகுப்புக்குக் கட்டணம் கட்டவோ முடியாத பிள்ளைகள் வளர்த்தெடுத்த கலை அது. மும்பை தாராவியில் 2015 முதல் ‘தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட்’ என்ற அமைப்பு பள்ளி நேரம் முடிந்த பிறகு ராப், வாயாலேயே தாளம் போடும் பீட்பாக்ஸ், பிரேக்டான்ஸ், சுவரில் வரையும் கிராஃபிட்டி எல்லாவற்றையும் இலவசமாகக் கற்றுத்தருகிறது. வட்டமாக நின்று முறை வைத்துப் பாடுவதை ‘சைஃபர்’ என்பார்கள். ஒருவன் பாடும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும், தன் முறை வந்தால் மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க வேண்டும். வகுப்பில் எழுந்து நிற்கவே கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பேச்சுப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு எந்த வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்தாலும் அந்தக் குரல் அவனுக்கு உதவும்.

சரி, சோறு போடுமா என்பதுதானே உங்கள் கவலை? ராப் மட்டும் பாடிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. அதனால் பிளஸ் டூவை விட்டுவிட்டு ராப் என்று அவன் கேட்டால் சம்மதிக்காதீர்கள். அவனுக்குப் பிடித்த ராப் பாடகர் அறிவு என்பவரையே உதாரணம் காட்டுங்கள். அரக்கோணத்துக்காரர், இன்ஜினியரிங் முடித்தவர், அப்புறம்தான் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் மேடைக்கு வந்தார். படிப்பு அவர் பாட்டின் கூர்மையைக் குறைக்கவில்லை.

இசையை ஒட்டியே படிக்க ஆசைப்பட்டால் தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் ஆடியோ பள்ளிகளில் லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால் இதற்கு முயற்சி செய்யட்டும். ஆனால் எந்த குரூப் எடுத்தவர்கள் சேரலாம் என்பதை விண்ணப்பக் குறிப்பில் இப்போதே பார்த்துவிடுங்கள். அவனுடைய காமர்ஸ் குரூப்புக்கு இடமில்லை என்றால் பி.காம். அல்லது விஸ்காம் படித்துக்கொண்டே, ராப்புக்குப் பின்னால் ஒலிக்கும் தாள இசையான ‘பீட்’ செய்யப் பழகலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கல்லூரியில் சேர்ந்ததும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் ஒரு ஒப்பந்தம் போதும். ராத்திரி பத்து மணிக்கு போன் உங்கள் கைக்கு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அவனுக்கு, அப்போது குறுக்கே பேசாதீர்கள். எழுதியதைப் பாடிக் காட்டச் சொல்லி உட்கார்ந்து கேளுங்கள்.

பாட்டை இணையத்தில் போட ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘ஃப்ரீ பீட்’ என்று கிடைப்பதில் பல, காசு வராத பாட்டுக்கு மட்டும்தான் இலவசம். நிபந்தனையைப் படிக்காமல் எடுக்கக் கூடாது. அப்புறம், ‘எங்கள் சேனலில் வெளியிடுகிறோம்’ என்று யாராவது காகிதத்தோடு வருவார்கள். 18 வயது ஆகாதவன் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லாது என்பதால் உங்களிடம்தான் கேட்பார்கள். பாட்டு வரிகளை எழுதியவருக்கு, அந்தப் பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் ராயல்டி தொகையில் பங்கு உண்டு என்று 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ‘எல்லா உரிமையும் எங்களுக்கே’ என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். காகிதம் ஆங்கிலத்தில் இருந்து, படித்துச் சொல்ல ஆள் இல்லை என்றால் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.