வாசகர் கேள்வி – பதில்: மௌத் ஆர்கன்காரன் எதற்காகக் காத்திருந்தான்?

செர்ஜியோ லியோனி இயக்கத்தில் 1968இல் வெளிவந்த ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ என்ற பழிவாங்கும் கதையைப் பார்த்தவர்கள் தங்கள் எண்ணங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். படத்தைக் கொண்டாடி எழுதியவர்களும் உண்டு, அதனோடு சண்டை பிடித்தவர்களும் உண்டு. சண்டை பிடித்த கடிதங்களையே இங்கே அதிகம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முடிவைச் சொல்லாமல் இவற்றுக்குப் பதில் எழுத இயலாது என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்குத் திரும்புவது நல்லது.

பார்த்து நாளாகிவிட்டவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். இருப்புப்பாதை மேற்கு நோக்கி நீண்டுகொண்டிருக்கும் காலம். பாலைநிலத்தில் தண்ணீர் கிடைக்கும் ஸ்வீட்வாட்டர் என்ற இடத்துக்காக, மெக்பெயின் என்பவரையும் அவருடைய பிள்ளைகளையும் ஃபிராங்க் என்ற கூலிக்கொலைகாரன் தன் ஆட்களோடு வந்து சுட்டுக் கொல்கிறான். மெக்பெயினை மணந்துகொண்டு நியூ ஆர்லியன்ஸிலிருந்து அன்று வந்து இறங்கும் ஜில், விதவையாக அந்த வீட்டுக்குள் நுழைகிறாள். கொலைப்பழி செயென் என்ற கொள்ளையன்மேல் விழுகிறது. இவர்களுக்கு நடுவே, பெயரைச் சொல்லாத ஒருவன் மௌத் ஆர்கனை வாசித்தபடி ஃபிராங்கைத் தேடி வருகிறான்.

கேள்வி: இளவயதில் பார்த்த படத்தை இப்போது பேரனோடு சேர்ந்து பார்த்தேன். மூன்று பேர் ரயிலுக்காகக் காத்திருப்பதைத் தவிர முதல் பத்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. பேரன் எழுந்துபோய்விட்டான். உண்மையைச் சொன்னால் எனக்கும் சலிப்புத் தட்டியது. இவ்வளவு நீட்டியிருக்க வேண்டுமா?
— தோ பாயோ வாசகர்

பதில்: ஐயா, நீட்டியது வேண்டுமென்றேதான். அந்தப் பத்து நிமிடத்தில் என்னவெல்லாம் கேட்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் காணாத காற்றாடி கிறீச்சிடுகிறது. ஒருவனுடைய தொப்பியில் மேலிருந்து நீர் சொட்டுகிறது. அவன் நகர்ந்து உட்காராமல், சேர்ந்த நீரைக் கடைசியில் தொப்பியிலிருந்தே குடிக்கிறான். இன்னொருவன் தாடையில் ஊரும் ஈயைத் துப்பாக்கிக் குழலுக்குள் பிடித்து, விரலால் அடைத்து, அதன் ரீங்காரத்தைக் கேட்டு மகிழ்கிறான். மூன்றாமவன் விரல்களைச் சொடுக்குகிறான். பின்னணி இசை கிடையாது. இசையமைப்பாளர் என்னியோ மோரிகோனி உடன் இருந்தும், இந்தக் காட்சியை இயக்குநர் வெறும் ஓசைகளிடமே ஒப்படைத்துவிட்டார். அதன் பிறகு நிகழும் துப்பாக்கிச் சண்டையோ கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

சிறுவனாக இருந்த காலத்திலிருந்து ஒரே ஒரு முகத்துக்காகக் காத்திருப்பவனின் கதை இது. அவனுடைய காத்திருப்பில் நம் பங்குக்குப் பத்து நிமிடத்தைக் கேட்கிறார் லியோனி. அமெரிக்காவில் 1969இல் திரையிட்டபோது, 165 நிமிடப் படத்திலிருந்து ஏறத்தாழ 20 நிமிடத்தை வெட்டினார்கள். அப்படியும் அங்கே அது ஓடவில்லை; ஆனால் பாரிஸில் வெட்டாத படத்தை மக்கள் நெடுங்காலம் பார்த்தார்கள். பேரனை ஒரு மழைநாளில், கைப்பேசியை வேறு அறையில் வைக்கச் சொல்லிவிட்டு, மறுபடி உட்கார வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இது உண்மையில் அமெரிக்காவில் எடுத்த படமா?
— பொத்தோங் பாசிர் வாசகர்

பதில்: கொஞ்சம்தான். ஜில் குதிரை வண்டியில் வரும் செம்பாறை நிலம் அமெரிக்காவின் மான்யுமென்ட் வேலி. ஸ்வீட்வாட்டர் வீடு ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா வறள்நிலத்தில் கட்டியது. இத்தாலியர்கள் எடுத்த கௌபாய் படங்கள் என்பதால்தான் ‘ஸ்பகெட்டி வெஸ்டர்ன்’ என்ற பெயர் வந்தது. முதலில் ஏளனமாகச் சொன்ன பெயர், பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

கேள்வி: சமூக மன்றத்தில் மௌத் ஆர்கன் கற்று வருகிறேன். படத்தில் நாயகன் வாசிப்பதை வாசித்துப் பார்த்தால் அது பாட்டாகவே வரவில்லை. யாரோ அழுவதுபோல இருக்கிறது. அவனுக்கு வாசிக்கத் தெரியாதா, அல்லது எனக்கா?
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: தம்பி, வந்த கடிதங்களிலேயே என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, மேசை இழுப்பறையில் கிடந்த என் பழைய மௌத் ஆர்கனை எடுத்து உதட்டில் வைத்து, ஊதாமல், சாதாரணமாக மூச்சு மட்டும் விட்டுப் பார்த்தேன். புல்லாங்குழலுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஊதினால்தான் ஒலி. மௌத் ஆர்கனோ மூச்சை வெளியே விட்டாலும் ஒலிக்கும், உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும். வாயில் அதை வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறவன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வாசித்துக்கொண்டே இருப்பான்.

இப்போது கடைசிக் காட்சியில் விரியும் பழைய நினைவை எண்ணிப் பாருங்கள். பாலைவெளியில் ஒரு செங்கல் வளைவு. அதிலிருந்து தொங்கும் சுருக்குக் கயிறு அண்ணனின் கழுத்தில். அண்ணன் நிற்பதோ தம்பியின் தோள்மேல். தம்பியின் கால் தளர்ந்தால் அண்ணனின் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் ஃபிராங்க் சிரித்தபடி வந்து, அண்ணனை மகிழ்விக்கச் சொல்லி, அச்சிறுவனின் வாயில் மௌத் ஆர்கனைத் திணிக்கிறான். பாரம் தாங்காமல் அவன் இரைக்கும் ஒவ்வொரு மூச்சும் ஒலியாகிறது. படம் முழுவதும் நாம் கேட்டுவந்தது இந்த மூச்சிரைப்பைத்தான். அவன் பாட்டு வாசிக்கவே இல்லை. அன்று விட்ட மூச்சைத் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருக்கிறான். ஆகவே, உங்களுக்கு அது அழுகையாக வந்தது என்றால் சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் இசையை மோரிகோனி படப்பிடிப்புக்கு முன்பே எழுதிவிட்டார். படப்பிடிப்புத் தளத்தில் அதை ஒலிக்கவிட்டு, அதன் நடைக்கேற்ப நடிகர்களை நடக்க வைத்தார் லியோனி. இருவரும் ரோம் நகரில் ஒரே தொடக்கப்பள்ளியில் படித்தவர்கள்.

கேள்வி: ஃபிராங்கைக் கொல்ல அவனுடைய ஆட்களே தெருவில் பதுங்கியிருக்கும்போது, நாயகன் குறுக்கிட்டு ஃபிராங்கைக் காப்பாற்றுகிறான். ஜில்லைப் போலவே எனக்கும் கோபம் வந்தது. பழிவாங்க வந்தவன் எதிரியைக் காப்பாற்றுவது எந்த ஊர் நியாயம்?
— ஜூரோங் வாசகர்

பதில்: அவன் ஜில்லுக்குச் சொல்லும் பதில், அவர்கள் அவனைக் கொல்ல நான் விடவில்லை, அவ்வளவுதான், காப்பாற்றுவது வேறு என்பது. சாமர்த்தியமான வசனம் என்று கடந்துவிடலாம். நான் அதை அப்படியே நம்புகிறேன். ஃபிராங்க் சாக வேண்டும் என்பது மட்டுமே அவன் வேண்டுவதென்றால், யார் சுட்டாலும் ஒன்றுதான். அவன் வேண்டுவது வேறு. நீ யார், நீ யார் என்று ஃபிராங்க் கேட்கும்போதெல்லாம் அவன் சொல்வது ஃபிராங்கால் செத்தவர்களின் பெயர்களை. சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. எத்தனையோ பேரைக் கொன்றவனுக்கு இந்தச் சிறுவன் நினைவிலேயே இல்லை. அந்த மறதிதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

இதை நம்மவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நம்மிடம் சிலப்பதிகாரம் இருக்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகி கையில் வாள் எதுவும் கொண்டு நிற்கவில்லை. சிலம்பை உடைக்கிறாள். ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே’ என்று எழுதுகிறார் இளங்கோவடிகள். உள்ளே இருந்தது முத்தன்று, மாணிக்கம் என்று கண்ட கணத்தில், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி அரசன் உயிர் விடுகிறான். அவனை வீழ்த்தியது, தான் செய்தது இன்னதென்று அவன் கண்டுகொண்டதே. இந்தப் படத்தின் முடிவையும் அதனருகே வையுங்கள். குண்டடிபட்டுத் தள்ளாடும் ஃபிராங்க் கடைசியாக ஒருமுறை நீ யார் என்று கேட்கிறான். மற்றவன் ஒரு சொல்லும் பேசாமல், தன் கழுத்திலிருந்து மௌத் ஆர்கனை அறுத்தெடுத்து அவன் வாயில் வைக்கிறான். ஃபிராங்கின் மூச்சில் அது ஒலிக்கிறது. அவன் கண்கள் விரிகின்றன. தலையை மெல்ல அசைத்துவிட்டுச் சாய்கிறான். லியோனி சிலம்பின் கதையை அறிந்திருக்க வழியில்லை. ஆனாலும், மதுரையில் வாயருகே தெறித்த அந்த மணியை நினைக்காமல் இந்தக் காட்சியை என்னால் பார்க்க முடிவதில்லை.

இடையில் வேறு யாராவது ஃபிராங்கைச் சுட்டிருந்தால், அவன் எதற்காகச் சாகிறோம் என்று அறியாமலே செத்திருப்பான்.

கேள்வி: ஹென்றி ஃபோண்டாவைப் போன்ற நல்லவர் முகத்தை வில்லனுக்குக் கொடுத்தது தவறான தேர்வு என்று என் கணவர் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஈசூன் வாசகி

பதில்: கணவரின் கருத்தோடு உடன்பட மாட்டேன், அம்மா. ஃபோண்டா 1939இல் இளம் லிங்கனாக நடித்தவர். 1957இல் ‘12 ஆங்ரி மென்’ படத்தில், ஒரு பையனின் உயிருக்காகத் தனி ஒருவராக வாதாடும் ஜூரியாக நடித்தவர். வில்லனாக நடிக்கிறோம் என்று மீசை வளர்த்து, நீலக் கண்களை மறைக்கப் பழுப்பு லென்ஸ் போட்டுக்கொண்டு வந்தவரிடம், இரண்டையும் நீக்கச் சொன்னாராம் லியோனி. மெக்பெயின் வீட்டில் எஞ்சிய சிறுவன் வெளியே ஓடி வந்து நிற்கும்போது, புழுதிக்குள்ளிருந்து நீண்ட மேலங்கிகளோடு ஆட்கள் வருகிறார்கள். கேமரா தலைவனின் முதுகுப்புறமிருந்து மெதுவாகச் சுற்றி வந்து முகத்தைக் காட்டுகிறது. அந்த முகத்தில் கொடூரம் தெரிந்திருந்தால் நாம் தயாராகியிருப்போம். நாம் நம்பிப் பழகிய முகம் புன்னகை செய்துகொண்டே துப்பாக்கியை எடுப்பதால்தான் வயிறு கலங்குகிறது.

கேள்வி: ‘ஷோலே’ படத்தில் தாக்கூர் குடும்பம் கொல்லப்படும் காட்சி இதிலிருந்து எடுத்ததுதானே? தமிழிலும் இப்படி உண்டா?
— அங் மோ கியோ வாசகர்

பதில்: 1975இல் வந்த ‘ஷோலே’யின் அந்தக் காட்சிக்கு மெக்பெயின் குடும்பக் காட்சியே முன்மாதிரி என்பது பலரும் எடுத்துக்காட்டிய செய்தி. தமிழில் அதற்கு முன்பே, 1972இல், இயக்குநர் கர்ணன் ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி ‘கங்கா’வை எடுத்துவிட்டார். லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் சொந்த அண்ணன்மார்கள். ஆக, இந்தப் பாலைநிலம் நமக்கு அந்நியமானதே அன்று.

கேள்வி: ஜில் பாத்திரத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். ஆண்கள் முடிவெடுக்கிறார்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதில் புகழ என்ன இருக்கிறது?
— புக்கிட் பாத்தோக் வாசகி

பதில்: உங்கள் குறையில் பாதிக்கு மேல் நியாயம். ஃபிராங்கின் பிடியில் அவள் படும் இழிவைப் படம் காட்டும் விதம் எனக்கும் பிடிக்கவில்லை. தண்ணீர் கொடுக்கும்போது தொழிலாளி சீண்டினால் பொறுத்துக்கொள் என்று செயென் சொல்வதை இன்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆண்கள் எல்லாரும் ஒரு பழைய கணக்குக்காக வாழ்கிறார்கள்; நாளை அங்கே எழப்போகும் ஊருக்காக வாழ்பவள் அவள் மட்டுமே. ஜில்லாக நடித்த கிளாடியா கார்டினாலேயின் முகத்தோடு பாடகி எட்டா டெல்லோர்சோவின் சொல்லற்ற குரல் சேரும் இடங்களில், கதையை இயக்குநர் அவளிடம் ஒப்படைத்துவிடுகிறார்.

கேள்வி: பதினாறு வயது மகன் இந்தப் படத்தை மூன்று முறை பார்த்துவிட்டான். பள்ளியில் ஒருவனோடு அவனுக்குத் தகராறு இருக்கிறது. பழிவாங்குவதை அழகாகக் காட்டும் படம் அவனைக் கெடுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— செங்காங் வாசகி

பதில்: அம்மா, உங்கள் பயத்தைச் சிறிதாக எண்ணவில்லை. தகராறு என்னவென்று மகனிடம் முதலில் கேளுங்கள். அவன் யாராலாவது துன்புறுகிறான் என்றால் வகுப்பாசிரியரிடம் உடனே பேசுங்கள். அது படத்தைவிட அவசரமான வேலை.

படத்தைப் பொறுத்தவரை, தடை செய்யாமல் நான்காம் முறை அவனோடு நீங்களும் உட்காருங்கள் என்பேன். ‘ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்’ என்கிறது குறள். பழிவாங்கியவனுக்கு ஒரு நாள் இன்பமாவது உண்டு என்று வள்ளுவர் ஒப்புக்கொள்கிறார். இந்தப் படம் அந்த ஒரு நாளைக்கூட அவனுக்குக் கொடுக்கவில்லை. ஃபிராங்க் விழுந்த பிறகு அவன் வீட்டுக்குள் வரும் காட்சியில் படத்தை நிறுத்தி, இவன் முகத்தில் என்ன தெரிகிறது என்று மகனிடம் கேளுங்கள். வெற்றி தெரியாது, நிம்மதியும் தெரியாது. அவன் உள்ளே வருவான், தன் பொருள்களை எடுத்துக்கொள்வான், விடைபெறுவான் என்று செயென் முன்கூட்டியே ஜில்லிடம் சொல்லியிருப்பான், அப்படியே நடக்கிறது. ஜில் அவனை ஒருநாள் திரும்பி வரச் சொல்கிறாள். ஒருநாள் என்று அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்லிவிட்டு அவன் கிளம்புகிறான். கொஞ்ச தூரத்தில், வயிற்றில் பட்ட குண்டை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த செயெனும் இறந்துபோகிறான். அவன் உடலைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு மற்றவன் தனியே போகிறான். பின்னால் ரயில் வந்து நிற்கிறது. ஜில் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள்.